செவலையிடம் சொன்ன சேதி

ராஜாக்களின் கதை உங்களுக்கு ஏராளமாகத் தெரியும். இது ராஜா வராத கதை. ராஜாவும் மந்திரியும் வேறெங்கோ வேட்டைக்குப் போயிருந்த காலத்தில், ஆளரவமற்ற ஒரு கரிசல் காட்டில் நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்தக் கரிசல் சீமையில் மாசானம் என்றொரு இளைஞன் இருந்தான். அவனுக்கு ஒரு மந்தை செம்மறி ஆடு இருந்தது. குருவம்மா என்று ஒரு மனைவி இருந்தாள். செவலை, புள்ளி, சடையன் என்று மூன்று நாய்கள் இருந்தன.

அவர்கள் ஊரில் தங்குவதில்லை. அறுப்பு முடிந்த காடுகளில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரமாகும். நிலத்துக்காரர் அளக்கும் கம்பு இவர்களுக்குக் கஞ்சியாகும். ஒரு காட்டில் சில நாள், அடுத்த காட்டில் சில நாள். ஓலைக் குடிசையையும் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பிள்ளை பிறக்கும்வரை பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. பேசியே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கும் குழந்தையிடமோ கன்றுக்குட்டியிடமோ சொல்ல வேண்டும். உரியவர் காதில் அது விழுந்துவிடும்.

கல்யாணமான மறுநாள், சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, மாசானம் தன் நாயைப் பார்த்துச் சொன்னான்: “ஏலே செவல, உங்க ஆத்தாகிட்ட ஒரு செம்பு தண்ணி வாங்கிட்டு வா.”

குருவம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “செவல, உனக்கு வால்தான் இருக்கு, கை இல்ல. உங்க அய்யாவுக்கு இருக்கான்னு கேட்டுட்டு வா.”

கூட்டம் சிரித்தது. செவலை இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. அன்றைக்கு அவர்களுக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனது.

கிடைக்கு வந்த பிறகு அங்கே பெரியவர்கள் யாரும் இல்லை. வானம்தான் இருந்தது. நேராகப் பேசியிருக்கலாம். ஆனால் விளையாட்டு அவர்களை விடவில்லை. நாளாக ஆக அதுவே அவர்கள் பாஷையாகிவிட்டது. கேலி பேச வேண்டுமென்றால் புள்ளி. சண்டை போட வேண்டுமென்றால் சடையன். அது எந்நேரமும் தூங்குவதால் எந்த வசவும் அதற்கு உறைக்காது. மெய்யான காரியம் என்றால் செவலை. மூன்றிலும் மூத்தது அது. சேதி சொன்னால் காதை நிமிர்த்திக்கொண்டு, கேட்க வேண்டியவர் இருக்கும் இடத்துக்கு ஓடிப்போய் நிற்கும். சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது.

ஆடி மாதம் ஒரு பிற்பகலில் குருவம்மாவுக்குச் சொல்வதற்கு ஒரு மெய்யான காரியம் வந்தது.

மாசானம் வேலமரத்து நிழலில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். அவள் செவலையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

“செவல, உங்க அய்யாகிட்டப் போய்ச் சொல்லு. உங்க ஆத்தா முழுகாம இருக்கா. மாசி பொறந்தா நம்ம குடிசையில ஒரு ஆளு கூடும்.”

செவலை ஓடிப்போய் அவன் முதுகுப்பக்கம் நின்றது. மாசானத்தின் கால் கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

ஈ உட்கார்ந்ததால் அசைந்ததா, சேதி கேட்டு அசைந்ததா? குருவம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் தொடங்கி அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புடைத்த கம்பையே மறுபடி புடைத்தாள். பெருக்கின தரையையே மறுபடி பெருக்கினாள். தண்ணீர் நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஊருணிக்கு நடந்தாள். கேட்டிருப்பானா? கேட்டும் வாய் திறக்காமல் இருக்கிறானா? பிள்ளை என்றால் பிடிக்காதோ?

அவன் முன்னால் உட்கார்ந்து பச்சைப் புளியங்காயைக் கடித்துத் தின்று பார்த்தாள். “ஏ புள்ளி, உங்க ஆத்தாவத் தடுத்து நிறுத்து. மரத்தையும் தின்னுருவா போல” என்று அவன் சிரித்தான்.

கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டுப் புதர் ஓரம் ஓடி வாந்தியெடுத்தாள். “செவல, நேத்துக் கஞ்சியா அது? பாத்துக் குடிக்கச் சொல்லக் கூடாதா?” என்று அவன் கவலைப்பட்டான்.

கடைசியில் பழஞ்சேலையைக் கிழித்து வேலமரக் கிளையில் ஒரு தூளி கட்டித் தொங்கவிட்டாள். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்? மாசானம் தூளியைப் பார்த்தான். நன்றாக இழுத்துப் பார்த்து முடிச்சைச் சோதித்தான். பிறகு தாயை இழந்த ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து அதில் போட்டு, மெதுவாக ஆட்டிவிட்டுப் போனான்.

குருவம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எத்தனையோ முறை அவனை நோக்கி எழுந்து நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவனிடம் நேராக ஒரு சொல்லும் சொல்லிப் பழகாத நாக்கு அது. திரும்பி வந்து மறுபடி தரையைப் பெருக்கினாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. புல் கருகியது, பிறகு வேர் கருகியது, பிறகு ஊருணி சேறானது. கீதாரிகள், அதாவது கிடை போடும் ஆட்டுக்காரர்கள், எல்லோரும் கூடி, மந்தைகளை மேற்கு மலைக்கு அப்பால் ஓட்டிப்போவது என்று முடிவு செய்தார்கள். அங்கே புல் உண்டு. பெண்களில் விரும்பியவர்கள் உடன் போகலாம், மற்றவர்கள் ஊரில் இருந்துகொள்ளலாம். ஆனால் ஐப்பசியில் கணவாயில் காட்டாறு பெருக்கெடுத்துவிட்டால், பங்குனி வெயிலில்தான் வழி திறக்கும். இடையில் போகவும் முடியாது, வரவும் முடியாது.

பங்குனி! குருவம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். மாசி அதற்கு முந்தி வருகிறதே.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாசானம் புள்ளியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான்: “ஏ புள்ளி, மலைக்கு மேல உங்க ஆத்தாவுக்கு ஏழு அடுக்கு அரமனை கட்டி வச்சிருக்காகளாம். வாராளான்னு கேளு.”

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வயிற்றில் இத்தனை பெரிய சேதியை வைத்துக்கொண்டு நான் தவிக்கிறேன், இவனுக்குக் கேலி. “பல்லக்கு அனுப்பினா வாரேன்னு சொல்லு புள்ளி. நடந்து வர்றதுக்கு ஆத்தா என்ன ஆட்டுக்குட்டியா?”

அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதை அவள் கவனித்தாள். அதன் அர்த்தம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

விடிந்தது. மாசானம் கம்பளியைத் தோளில் போட்டு, தண்ணீர்ச் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி, ஆடு ஓட்டும் கோலை எடுத்தான். மூன்று நாய்களையும் கூப்பிட்டுச் சொன்னான்: “உங்க ஆத்தாவ ஊருல கொண்டு சேத்துட்டு அங்கேயே காவலுக்குக் கெடங்க. ஒருத்தரும் எங்கூட வரக் கூடாது.”

குருவம்மா பதறினாள். மலையில் செந்நாய்க் கூட்டம் உண்டு. நாய் இல்லாமல் மலையேறிய கீதாரிகளில் ஆட்டோடு திரும்பியவர்கள் குறைவு; ஆட்டை விட்டாவது திரும்பியவர்களும் குறைவு. “ஏய், மூணு பேரும் போங்க! ஊருல எனக்கு என்ன காவல்? உங்க அய்யாகூடப் போங்க!”

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஆடுகள் புழுதி கிளப்பின.

நாய்கள் அவன் பின்னால் ஓடின. “ஆத்தாகிட்டப் போங்க!” என்று அவன் விரட்டினான். அவளிடம் ஓடி வந்தன. “அய்யாகிட்டப் போங்க!” என்று அவள் விரட்டினாள். வெயில் ஏறியது. முதல் ஓட்டம் விளையாட்டுப் போலத்தான் இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் புள்ளி ஒரு பனையடியில் படுத்துவிட்டது. மூன்றாவதில் சடையன் வறண்ட ஓடைக்குள் இறங்கி எழும்பவில்லை.

செவலை மட்டும் ஓடியது. மெய்யான சேதி எப்போதும் அதனிடம்தானே வரும்? அவன் தூரம் போகப் போக அதன் பாதை நீண்டது. நாக்கு தொங்கியது. பின்னங்கால் இழுத்தது. போய், வந்து, போய், கடைசியில் இருவருக்கும் நடுவே, வெடித்துக் கிடந்த கரிசல் தரையில் சுருண்டு விழுந்தது.

“செவல!” என்று இந்தப் பக்கமிருந்து ஒரு குரல். “செவல!” என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். அது தலையைத் தூக்கி அங்கே பார்த்தது, இங்கே பார்த்தது. பிறகு தலையைத் தரையில் வைத்துவிட்டது.

குருவம்மா ஓடினாள். மாசானமும் மந்தையை விட்டுவிட்டு ஓடி வந்தான். குடுக்கைத் தண்ணீரை நாயின் வாயில் ஊற்றினான். பாதி உள்ளே போனது, பாதி மண்ணில் போனது. அவள் முந்தானையை விரித்து அதற்கு நிழல் பிடித்தாள்.

“செவல, உங்க அய்யாகிட்ட...” என்று தொடங்கினாள். செவலையின் காது நிமிரவில்லை.

“செவல, உங்க ஆத்தாகிட்ட...” என்றான் அவன். செவலை கண்ணை மூடிக்கொண்டது.

புள்ளி எங்கோ கிடந்தது. சடையன் எங்கோ கிடந்தது. சேதி வாங்கிக்கொள்ள அந்தப் பரந்த காட்டில் யாரும் இல்லை. தூரத்தில் மந்தையின் முன்னால் போன ஆடுகள் மலையை நோக்கி நடந்துகொண்டேயிருந்தன. இன்னும் சற்றுநேரம் போனால் அவன் எழுந்துவிடுவான். எழுந்தால் பங்குனி.

குருவம்மா தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் கறுப்பில்லை, தேன் நிறம் என்பதையே அப்போதுதான் கண்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்தெடுத்தாள்.

“மச்சான்.”

அவன் திடுக்கிட்டுப்போனான்.

“நான் முழுகாம இருக்கேன்.”

மாசானம் குடுக்கையைக் கீழே வைத்தான். “எப்பயிருந்து?”

“அன்னைக்கே சொன்னேனே! வேலமரத்தடியில நீங்க படுத்திருந்தப்ப, செவலகிட்டச் சொன்னேனே!”

“நான் தூங்கிட்டிருந்தேன், புள்ள.”

“தூளி கட்டுனேனே!”

“ஆட்டுக்குட்டிக்குன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். “இப்படியும் ஒரு மண்டூகம் உண்டா!”

“நீ மட்டும் என்னவாம்?” என்றான் அவன். “எங்கூட மலைக்கு வாரியான்னு கேட்டேன். பல்லக்குக் கேட்டே.”

“புள்ளிகிட்டக் கேட்டா வெளாட்டுன்னுதானே நெனப்பேன்?”

“மாட்டேன்னு சொல்லிட்டா தாங்க முடியாதுன்னுதான் புள்ளிகிட்டக் கேட்டேன்” என்றான். பிறகு, முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “வாரியா?”

“வாரேன்” என்றாள் அவள்.

குடிசையைப் பிரித்தார்கள். புள்ளியும் சடையனும் வெட்கப்பட்டவைபோல் தலை குனிந்து வந்து சேர்ந்துகொண்டன. மலையடியில் அவர்கள் போய்ச் சேர்ந்துகொண்ட கீதாரிகளின் கூட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். குருவம்மாவை நடுவில் விட்டு மெல்ல நடந்தார்கள். செவலையை மாசானம் ஆட்டுக்குட்டியைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினான்.

செவலை பிழைத்தது. ஆனால் அதன் பிறகு அது ஓடவில்லை. நெருப்போரத்தில் படுத்தபடி, இருவரும் நேருக்கு நேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுந்திருக்கப் பார்த்தது. நாளடைவில் இனித் தனக்கு வேலையில்லை என்று புரிந்துகொண்டது.

மார்கழியில் ஒரு பனிக் காலையில் அது எழுந்திருக்கவில்லை. மாசானமும் குருவம்மாவும் சேர்ந்து குழி தோண்டினார்கள். மண்ணைத் தள்ளி முடித்ததும் அவன் கையிலிருந்த மண்ணைத் துடைக்காமல் நின்றான். சொல்ல மிகவும் கஷ்டமான சொல் ஒன்று அவன் தொண்டையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் புள்ளி நின்றது, சடையன் நின்றது. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

“நம்ம பேச வேண்டியத நம்ம பேசியிருந்தா இது இன்னும் ஓடிட்டிருக்கும், குருவு.”

“ஆமா, மச்சான்” என்றாள் அவள்.

மாசியில், மலைக்கு அப்பால், அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நேசிப்பவரிடம் சொல்ல வேண்டியதை அவர் முகம் பார்த்து நாமே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாரத்தை நம்மை நம்பிய ஒரு வாயில்லா ஜீவன் சுமக்கும்.