உண்ணி எது, கரடி எது?

கும்மட்டிமலை அடிவாரத்தில் கொண்டையன், மாசாணம், வெள்ளியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பசுமாடு. அந்த வீட்டில் புத்தியும் அதற்குத்தான் இருந்தது.

மாடு இளைத்துக்கொண்டே போனதால் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார்கள்.

"காதுல உண்ணி. வேப்பெண்ணெய் தடவி, தலை உள்ளே தங்கிடாமப் பிடுங்குங்க" என்றார் டாக்டர். "அப்புறம், மலையில கரடி நடமாடுது. அதுகிட்ட மட்டும் போயிடாதீங்க."

"ரெண்டையும் எப்படிங்கய்யா பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டான் கொண்டையன். மூத்தவன், பொறுப்பானவன்.

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "சின்னதா இருந்தா உண்ணி. பெருசா இருந்தா கரடி."

மறுநாள் எண்ணெயோடு தொழுவத்துக்குப் போனால், உண்ணி ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டையாக உப்பியிருந்தது.

"அண்ணே, நேத்து மிளகாட்டம் இருந்துச்சு. இப்பப் பெருசாயிடுச்சே!" என்றான் மாசாணம்.

"அப்ப இது கரடி. கிட்டப் போகாதே!"

மூவரும் அலறியடித்து வெளியே ஓடிவந்தார்கள். எதிரே மலைச்சரிவில், எள்ளளவில், கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"உண்ணி!" என்றான் கடைக்குட்டி வெள்ளியப்பன். "பாவம்டா மலை. மாட்டுக்காவது விரட்டிக்க வாலிருக்கு."

எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏற ஏற அது பெருத்துக்கொண்டே வந்தது. மாசாணத்துக்குச் சந்தேகம் தட்டியது.

"கரடியா இருக்குமோ?"

"கரடின்னா தலை இருக்கும். இதுக்குத் தலையைக் காணோம் பாரு. உள்ளே விட்டிருக்கு. உண்ணியேதான்" என்று தீர்ப்புச் சொன்னான் கொண்டையன்.

தலை கறையான் புற்றுக்குள் இருந்தது. மற்றபடி அது முழுக் கரடி.

மாசாணம் அதன் முதுகில் எண்ணெய் தடவினான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பின்னங்காலைப் பிடித்து "ஐலசா" போட்டு இழுத்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கரடி இப்படியொரு உபசாரத்தைக் கண்டதில்லை. தலையை உருவி ஓர் உறுமல் உறுமியது. மூவரும் சரிவில் உருண்டார்கள். மிரண்டுபோன கரடி உச்சியைப் பார்த்து ஓடியது. தூரம் போகப் போகச் சிறுத்தது.

"எண்ணெய் கேக்குது பாருங்க, சுருங்குது!" என்றான் மாசாணம், முட்புதருக்குள்ளிருந்து.

வீட்டுக்கு வந்தால் மாடு தீவனத்தைத் தொடவில்லை. கண்கலங்கிப்போய் டாக்டரிடம் ஓடினார்கள். "ஐயா, மாட்டுக் காதுல கரடி!"

டாக்டர் வந்தார். இரண்டே விரலால் அதைப் பிடுங்கினார். கீழே போட்டுச் செருப்புக் காலால் நசுக்கினார். மாடு வைக்கோலில் வாய் வைத்தது.

ஒரு கரடியை, இரண்டே விரலால்! மூவரும் நெடுஞ்சாண்கிடையாக டாக்டர் காலில் விழுந்து கும்பிட்டார்கள். கும்பிட்டு எழுந்ததும் அவரைக் கயிற்றால் கட்டினார்கள். கரடியைக் கொல்வது குற்றமல்லவா? நன்றி வேறு, சட்டம் வேறு.

வனத்துறை அலுவலகத்துக்கு அவரை இழுத்துப் போனார்கள். ரேஞ்சர் கேட்டார்: "செத்த கரடி எங்கே?"

கொண்டையன் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, பணிவாக மேசைமேல் வைத்தான்.

"இந்தாங்க சாமி. தோலை மட்டும் எங்களுக்குக் குடுத்துடுங்க. மூணு பேரும் உக்கார ஒரு விரிப்பு இல்லாமக் கஷ்டமா இருக்கு."