வலது காது ஜிமிக்கி

"இந்தத் தொழில் எனக்கு வராதுங்கம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

சுகந்தி வெள்ளிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்கண்ணா?"

"இதைப் பாருங்க."

அவர் உள்ளங்கையில் ஒரு ஜோடி வெள்ளி ஜிமிக்கி இருந்தது. அவரே செய்தது. அன்று காலையில்தான் முடித்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்குது."

"வலது காதுக்கு உள்ளதைப் பாருங்க. ஓரத்து மணி. மத்ததெல்லாம் ஒரே வரிசையில தொங்குது. இது மட்டும் ஒரு இழை கீழ எறங்கிருச்சு."

சுகந்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஆமாங்கண்ணா. எறங்கித்தான் இருக்குது."

"அப்ப உருக்கிடறேனுங்க."

"டீ குடிச்சுட்டு வந்து உருக்குங்க" என்றாள் சுகந்தி.

வயதில் அவள்தான் இளையவள். அவருடைய கடைசித் தங்கைக்குச் சமமாக இருப்பாள். ஆனால் நாச்சிமுத்துவுக்கு அவள்தான் குரு.

கோயம்புத்தூர் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு மாடியில் அவளுடைய பட்டறை. பெரிய கடைகளின் ஆர்டர்களை அவள் எடுப்பதில்லை. மனதில் தோன்றியதைச் செய்வாள். பிடித்தவர்கள் படியேறி வந்து வாங்கிப் போவார்கள்.

நாச்சிமுத்து லேத்துப் பட்டறையில் தலை நரைத்தவர். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து கதவுத் தாழ்ப்பாளையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவரை, "உங்க கைக்கு ஒரு வேலை வேணும், போய்க் கத்துக்கங்க" என்று இங்கே அனுப்பியது அவர் மனைவி.

அவர் கற்றுக்கொண்டார். கம்பி இழுக்க, தகடு தட்ட, பற்றவைக்க, மெருகு போட. எல்லாம் வந்தது.

ஆனால் செய்து முடித்ததும் லேத்துக்காரரின் அளவுகருவியான வெர்னியரை எடுத்துவிடுவார். அளப்பார். ஏதாவது ஒன்று இடிக்கும். உடனே உருக்கிவிடுவார்.

இதுவரை அவர் கையால் செய்த ஒரு நகையும் அந்தப் படியிறங்கிப் போனதில்லை. "இன்னிக்கு ஏதாச்சும் போச்சுங்களா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, இப்போதெல்லாம் கேட்பதை விட்டுவிட்டாள்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தார். அடுப்பைப் பற்றவைத்தார். திரும்பினால் மேஜையில் ஜிமிக்கி இல்லை.

"அம்மிணி, அது எங்கீங்க?"

"வித்துட்டனுங்கண்ணா."

நாச்சிமுத்து அப்படியே நின்றார்.

"எதை?"

"உங்களுதைத்தான். ஒரு அக்கா வந்தாங்க. கையில எடுத்தாங்க, காதுல போட்டாங்க, கண்ணாடியைப் பாத்தாங்க, போயிட்டாங்க."

"வலது பக்கம் எறங்கியிருக்குதுன்னு சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலீங்க."

"ஐயோ! என்னங்கம்மிணி இப்படிப் பண்ணிட்டீங்க!"

"பேரு ரங்கநாயகி. அன்னூர்ப் பக்கம். இன்னிக்குச் சாயங்காலம் அவங்க ஊர் மாரியம்மன் கோயில் திடல்ல வள்ளி கும்மி அரங்கேற்றமாம். அதுக்குத்தான் வாங்கினாங்க."

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேனுங்க."

"போயிட்டு வாங்க" என்றாள் சுகந்தி. எழுந்து போய் மூக்குக் குறடு ஒன்றை எடுத்து வந்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "உருக்க வேண்டாம். அங்கயே சரி பண்ணிக் குடுத்துடுங்க. ஒரு முறுக்குத்தானே."

பேருந்தில் கூட்டம். நாச்சிமுத்து நின்றுகொண்டே போனார்.

முன்னால் ஒரு காது. வளையம். வலது வளையம் கொஞ்சம் கோணல். அதற்கு முன்னால் ஒரு காது. கல் தோடு. ஒரு கல் விழுந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு ஜோடி காது. லோலாக்கு. ஒன்று முன்னால் பார்த்தது, ஒன்று பின்னால் பார்த்தது.

"என்னங்க அங்க பாக்கறீங்க?" என்றார் நடத்துநர்.

"காதைப் பாக்கறேனுங்க."

ஜன்னலோரத்து அம்மாள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. திடலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மண் வாசம். ஒலிபெருக்கியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திடல் நிறையப் பெண்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் புடவை. ஒரே பச்சைக் கரை. ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே மாதிரிப் பூ.

இதில் ரங்கநாயகி யார்?

கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கேட்டார். "அதா, அந்த வளைஞ்ச வரிசையில மூணாவது" என்று பெரியவர் கை காட்டுவதற்குள் பம்பை முழங்கியது. வரிசை நகர்ந்துவிட்டது.

கும்மி தொடங்கியது.

கும்மி வாத்தியார் ஒரு அடி பாடினார். பெண்கள் வாங்கிப் பாடினார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பி ஒரு தட்டு. அத்தனை கைகளும் ஒரே கை மாதிரி விழுந்தன.

நாச்சிமுத்து திடலைச் சுற்றி ஓடினார். காதுகளைப் பார்த்துக்கொண்டே ஓடினார். வெள்ளி. எங்கே வெள்ளி? எல்லாரும் கவரிங் போட்டிருக்க ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளி ஆடியது.

அதுதான். அவர் செய்ததுதான்.

போட்டிருந்தவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் பருமன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள். வாய்க்குள் அடியை எண்ணிக்கொள்வது தூரத்திலேயே தெரிந்தது.

நாச்சிமுத்து அவளோடு கூடவே நடந்தார். வலது காதைப் பார்த்தார். ஓரத்து மணியைத் தேடினார். அவள் குனிந்தாள். மணிகள் எல்லாம் ஒன்றாகத் தெறித்தன. நிமிர்ந்தாள். எல்லாம் சுழன்றன. எது ஓரம், எது நடு? ஒரு நொடி நிற்க மாட்டாளா என்று இருந்தது.

தாளம் வேகம் எடுத்தது.

எல்லாரும் இடது பக்கம் திரும்பினார்கள். ரங்கநாயகி வலது பக்கம் திரும்பினாள்.

பக்கத்தில் ஆடியவளின் தோளில் நேராகப் போய் இடித்தாள்.

கூட்டம் "அய்யோ" என்றது. தன் கை தவறியது போல நாச்சிமுத்து கூசினார்.

இடிபட்டவள் ரங்கநாயகியைப் பார்த்தாள். ரங்கநாயகி அவளைப் பார்த்தாள். இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ரங்கநாயகி ஒரு சுற்றுச் சுற்றி, இடத்தைப் பிடித்து, அடுத்த தட்டைத் தட்டினாள். சரியாக விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் உதட்டைக் கடிக்கவில்லை. எண்ணவில்லை. தலையை ஆட்டி ஆட்டி ஆடினாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. வரிசை முழுக்கச் சிரிப்பு. பம்பைக்காரர் எழுந்து நின்று அடித்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் துண்டைச் சுழற்றினார்கள்.

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. பெண்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"ஏனுங்கம்மிணி, நான் சுகந்தி பட்டறையில இருந்து வரேனுங்க. இந்த ஜிமிக்கி நான் செஞ்சது."

"நீங்களா செஞ்சீங்க?" ரங்கநாயகிக்கு மூச்சு வாங்கியது. "அண்ணா, எங்க செட்டு முழுக்க இதைத்தான் கேக்கறாங்க!"

"அதுல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதுங்க. கழட்டிக் குடுத்தீங்கன்னா சரி பண்ணிடுவேன்."

அவள் உடனே இரண்டையும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளி சூடாக இருந்தது. வியர்வை ஈரம்.

அவர் சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்தார்.

வலது காதுக்குரியது. ஓரத்து மணி. இதோ இருக்கிறது. ஒரு இழை கீழே. ஒரு முறுக்குப் போதும்.

"அண்ணா" என்றாள் ரங்கநாயகி, குரலைத் தாழ்த்தி. "நான் தப்பாத் திரும்பினதைப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"வெளிய இருந்து பாக்க ரொம்பக் கேவலமா இருந்துச்சுங்களா?"

நாச்சிமுத்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

குறடு கையில் இருந்தது. மணி குறடின் மூக்கில் இருந்தது. ஒலிபெருக்கி அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டது. மஞ்சள் புடவைகள் வரிசைக்கு ஓடின. "ரங்கா, வாடி!" என்று யாரோ கத்தினார்கள். வெறுங்காதோடு அவள் திடலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் குறடை எடுத்துவிட்டார். ஜிமிக்கியை நீட்டினார்.

"இந்தாங்கம்மிணி. சரியாயிருச்சு."

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதானுங்க."

அவள் ஓடிக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை சுகந்தி பட்டறைக்கு வந்தபோது நாச்சிமுத்து முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புதுத் தகடு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டு ஒரு தாளத்தில் விழுந்தது. பக்கத்தில் முடிந்த ஒரு ஜிமிக்கி கிடந்தது. வெர்னியரைக் காணவில்லை. ரங்கநாயகியின் ஜிமிக்கியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"கும்மி எப்படி இருந்துச்சுங்கண்ணா?"

"நடுவுல ஒரு அம்மிணி தப்பாத் திரும்பிட்டாங்க."

"அய்யய்யோ. அப்புறம்?"

நாச்சிமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்புறந்தானுங்க களை கட்டுச்சு."