தேயாத எழுத்தாணி

கூட்டு மடத்தில் குருபூஜைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கே தேசிகர் சமையல்கட்டில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்.

தேசிகர் மடத்தின் தலைவர். வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்துமூன்று. முப்பது வருஷம் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய மடக்குக் கத்திகளை ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த வருஷமே தீட்சை வாங்கிக்கொண்டார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைச் சாமி என்பார். இரண்டு பேருக்கும் அதில் சிரமம் இருந்ததில்லை.

அன்று ஆவுடையப்பன் கையில் வெள்ளிப் பேழையோடும் தோளில் துணிப்பையோடும் வந்தார்.

"சாமி, நான் ஊருக்குப் போறேன். உத்தரவு வேணும்."

"உங்க ஊர் இதுதானே அண்ணாச்சி. எங்க போறீங்க?"

ஆவுடையப்பன் பேழையைத் திறந்தார்.

உள்ளே இருந்தது ஏகலிங்க அடிகளின் மடக்கெழுத்தாணி. இருநூறு வருஷத்துக்கு முன் மடத்தைத் தொடங்கியவர் அடிகள். சாண் நீளம்கூட வராத பித்தளைப் பிடி. ஒரு முனையில் ஓலையில் எழுத எழுத்தாணி, மறு முனையில் ஓலையை நறுக்கக் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். வருஷத்துக்கு ஒரு நாள் பேழையைத் திறந்து, மடக்கியபடியே பூப்போட்டு, மூடிவிடுவார்கள். விரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

இந்த வருஷம் அடிகளின் வரலாறு புத்தகமாக வருகிறது. எழுதியவர் ஆவுடையப்பன். பூஜைக்கு எழுத்தாணியைத் துடைத்து வைக்கும் வேலையும் அவருக்கே வந்தது. நேற்று எண்ணெய் விட்டு விரித்திருக்கிறார்.

"புத்தகத்துல பதினேழாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா சாமி? 'அடிகள் எழுத்தாணி தேயத் தேயப் பாடல்களை எழுதியருளினார்.'"

"நல்லாத்தானே இருக்கு."

"எழுத்தாணி தேயவே இல்ல சாமி. நேத்துக் கொல்லன் கொடுத்த மாதிரி இருக்கு."

"கத்தி?"

"கத்தியில பாதிதான் மிச்சம். நடுவுல பிறை மாதிரி குழிஞ்சு கிடக்கு. ஓலை நறுக்கினா இப்படிக் குழியாது. பெருவிரலை எதிர்ல வெச்சு எதையோ வருஷக்கணக்கா நறுக்கியிருக்காரு."

"பாக்காமலே எழுதிட்டீங்களோ?"

"பூஜைப் பேழையாச்சே. எப்படித் திறந்து பாக்க?"

அடிகள் மடத்தில் இருந்தது இருபத்தாறு வருஷம். கிடைத்திருப்பது பதினொரு பாட்டு. ஏன் இவ்வளவு குறைவு என்று ஆவுடையப்பன் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருந்தார். ஆற்று வெள்ளம் ஏடுகளைக் கொண்டுபோயிருக்கலாம் என்று அதில் முடித்திருந்தார்.

"பத்து மணிக்கு அச்சகத்துக்காரர் திருத்தம் வாங்க வர்றார். உள்ளதைச் சொன்னா அடிகள் எழுதவே இல்லைன்னு ஊர் பேசும். சொல்லாம விட்டா நான் முப்பது வருஷம் பாத்த வேலை பொய். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பில்ல."

"அதனால ஓடிப்போறீங்க."

"ஓடலை சாமி. எட்டரை பஸ்ல போறேன்."

அடுப்படியில் நின்ற சொர்ணத்தாய் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மடத்துச் சமையல் அவள் பொறுப்பு.

"சரி, போங்க. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. அதுவரை அந்தப் பட்டாளத்துக்காரன் மடக்குக் கத்திக் கதையைச் சொல்லுங்க," என்றார் தேசிகர்.

ஆவுடையப்பனுக்குப் பிடித்த கதை அது. பையை இறக்கி வைத்தார்.

"ஒரே பிடிக்குள்ள நாலு சாமான் மடங்கியிருக்கும். கத்தி, துளை போடுற ஊசி, தகர டப்பா திறக்கிறது, துப்பாக்கியைக் கழட்டத் திருப்புளி. அரசாங்கமே செஞ்சு கொடுத்தது. நான் பாத்ததுல திருப்புளி புத்தம் புதுசு. டப்பா திறக்கிறது மட்டும் மழுங்கிப்போயிருந்தது."

"எல்லையில நின்னு என்ன செஞ்சான்?"

"சாப்பிட்டிருக்கான்."

"நல்ல பட்டாளம். அந்த ரோமாபுரிக்காரன்?"

"அது ரொம்பப் பழசு. கரண்டி, முள், கத்தி, பல்லு குத்துற குச்சி, எல்லாம் மடங்கும். யாரோ பெரிய வீட்டுக்காரன் பயணத்துக்குச் செஞ்சுக்கிட்டது. கரண்டி ஓரம் தேஞ்சிருந்தது."

"அவனும் சாப்பிட்டிருக்கான்."

"ஆமா."

"பேனாக்கத்தி ஒண்ணு சொன்னீங்களே?"

"இறகைச் சீவிப் பேனா செய்யுறதுக்கு வந்த கத்தி சாமி. அதான் பேனாக்கத்தி. ஒரு குமாஸ்தாவோடதை விரிச்சேன். இடுக்குல ஆப்பிள் விதை ஒண்ணு காஞ்சு கிடந்தது." ஆவுடையப்பன் தன்னை மறந்து சிரித்தார். "அன்னைக்கு முழுக்க அவன் என்கூடவே இருக்குற மாதிரி இருந்துச்சு."

"பேனா சீவாம ஆப்பிள் நறுக்கினான்னு அவனை அந்த அருங்காட்சியகத்துல இருந்து எடுத்துட்டீங்களா?"

"ஏன் எடுக்கணும்? விதையையும் சேத்துல்ல வெச்சோம்."

தேசிகர் அடுத்த வாழைக்காயை எடுத்தார்.

"நம்மாளோட இடுக்குல என்ன இருக்கு?"

ஆவுடையப்பன் சிரிப்பு நின்றது.

"கருப்பா ஒரு கறை. ஓலையில தடவுற மைன்னு நினைச்சேன். எண்ணெய்க்கும் போகலை, புளிக்கும் போகலை. மை இப்படி இருக்காது."

தேசிகர் காயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். பத்து விரலும் நுனியில் கருத்திருந்தன.

"இந்த மாதிரியா?"

ஆவுடையப்பன் விரல்களைப் பார்த்தார். எழுத்தாணியின் பிடியைப் பார்த்தார். மறுபடியும் விரல்களைப் பார்த்தார்.

"வாழைக்காய்க் கறை," என்றாள் சொர்ணத்தாய். "எதுக்கும் போகாது. தானாப் போனாத்தான் உண்டு."

"அண்ணாச்சி, மூணாம் பக்கத்துல மடத்தோட பேருக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கீங்க?"

"அடியார்கள் வந்து கூடியதால் கூட்டு மடம்."

சொர்ணத்தாய் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு சொன்னா? பஞ்சத்துல வந்தவுகளுக்கெல்லாம் அடிகள் கூட்டு வெச்சுப் போட்டாக. கூட்டு மடம். எங்க தெருவுல சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"மூணு வருஷமா இங்கதானே இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலையே. நீங்கபாட்டுக்கு ஏட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீக. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எழுதிட்டு வாரேம்பீக."

தேசிகர் கைகளைக் கழுவித் துடைத்தார். எழுத்தாணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கத்தியை விரித்து, பெருவிரலை எதிரே வைத்து, வாழைக்காயில் ஒரு வில்லை நறுக்கினார். குழிந்த இடத்தில் காய் பதமாக உட்கார்ந்தது. வில்லை மெல்லிசாக விழுந்தது.

"இன்னும் நல்லா நறுக்குது," என்றார்.

ஆவுடையப்பன் அந்த வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு துணிப்பையை எடுத்தார். அதற்குள் கையை விட்டு அச்சுத் தாள்களை வெளியே இழுத்தார்.

"மூணாம் பக்கம், பதினேழாம் பக்கம், அந்த வெள்ளத்து அத்தியாயம். எல்லாத்தையும் மாத்தணும் சாமி. உள்ளே போய்ப் பேனா எடுத்துட்டு வந்துடுறேன்."

தேசிகர் கொத்தவரங்காய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். விரித்த கத்தியை அதன்மேல் வைத்தார்.

"பத்து மணிக்கு அச்சகத்துக்காரர் வந்துடுவாரே சாமி."

"வரட்டும். அவருக்கும் சேத்து நறுக்குங்க. மிச்சம் நேரம் இருந்தா எழுதலாம். அந்தப் பதினொரு பாட்டும் அப்படி வந்ததுதான்."