நாற்பத்திரண்டு ஸ்லைடு

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. பகுதிநேர ஆராய்ச்சி என்று சேர்ந்தால் இப்படியும் அமையும். கோவர்த்தனன் அவரை மேடம் என்பார். செசிலியா மேடம் இவரை சார் என்பார். கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் குரு என்று குழம்பித்தான் போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை மனுஷன் புயல் மாதிரி ஆய்வகத்துக்குள் வந்தார். கையிலிருந்த பொன்னாடையை மேஜைமேல் வீசினார்.

"ஜனங்களைத் திருத்தவே முடியாது மேடம்!"

மேடம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "உட்காருங்க சார்."

உட்காரவா வந்தார் அவர்? நாலு வருஷமாகக் காரைப்பள்ளத்துத் தண்ணீரை ஆராய்கிறார். ஊர் நடுவில் இருக்கிற போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு, இருக்கலாம் என்கிற அளவைப்போல மூன்று மடங்கு. பிள்ளைகள் பல்லிலெல்லாம் பழுப்புக் கோடு. ஊர்க் கோடியில் இன்னொரு போர் இருக்கிறது, நல்ல தண்ணீர். அவ்வளவு தூரம் நடக்கத்தான் ஒருத்தருக்கும் மனசில்லை. இந்த அழகில், புதுப் பால்வாடிக்குத் திங்கட்கிழமை நடு போரிலிருந்தே குழாய் இழுக்கப் போகிறார்களாம். முப்பது குழந்தைகள்.

"நேத்து ஊர்க் கூட்டத்துல ஒண்ணரை மணி நேரம் பேசினேன் மேடம். நாற்பத்திரண்டு ஸ்லைடு. டெல்லி மாநாட்டுல முதல் பரிசு வாங்கின அதே ஸ்லைடு!"

"அதேவா?"

"ஒரு புள்ளி மாத்தலையே!" பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

"ஊர்ல என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க. தலைவர் பொன்னாடை போர்த்தினார். இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா, அதே போர்ல குடத்தோட வரிசை! என்னம்மா இதுன்னு கேட்டா, 'நேத்து நல்லாப் பேசினீங்க சார்'னு சிரிக்கிறாங்க. அந்தப் பிள்ளைங்க பல்லு கண்ணுலயே நிக்குது மேடம்."

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பொன்னாடை போர்த்தினாங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன? டீ கொடுத்தாங்க."

"எந்தத் தண்ணியில?"

"பக்கத்துல இருக்கிற தண்ணியிலதான். டீக்குன்னு ஊர்க் கோடிக்கா போவாங்க?"

"கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போயிடுமா சார்?"

"அதெப்படிப் போகும்?" கோவர்த்தனன் நிமிர்ந்து நின்றார். இந்த மாதிரிக் கேள்வி என்றால் அவருக்கு அல்வா. "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். ஃப்ளோரைடு அப்படியே தங்கிடும். முப்பத்தோராவது ஸ்லைடுலயே தெளிவா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"குடிச்சீங்களா சார்?"

"தலைவர் வீட்டம்மாவே கையில கொண்டாந்து நீட்டினாங்க. வேண்டாம்னா, 'எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாராக்கும்'னு ஆயிடாதா?"

"எத்தனை?"

"ரெண்டு." குரல் அவருக்கே கேட்டிருக்காது. "இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்க."

மேடத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோவர்த்தனனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"டெல்லியில நீங்க என்ன குடிச்சீங்கன்னு யாராவது பார்த்தாங்களா?"

"அங்கே எல்லாரும் ஸ்லைடைத்தான் பார்த்தாங்க மேடம்."

"இங்கே ஊரே உங்களைப் பார்த்திருக்கு."

அவர் பொன்னாடையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு ஒரு நாள்தான் மேடம் இருக்கு. வேற ஸ்லைடு போட்டு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"லேப்டாப்பே வேண்டாம் சார். சும்மா போய் நில்லுங்க. எப்படியும் டீ நீட்டுவாங்க. எந்தத் தண்ணின்னு கேளுங்க. அங்கேருந்து பேச்சை ஆரம்பிங்க."