கண்ணாடிப் பெடல்

கம்ப்யூட்டர் வயிற்றில் மாசிலாமணியை மிஞ்ச ஆளில்லை.

இருபது வருஷம் வயிற்றைத் திறந்தே ஆபரேஷன் செய்த டாக்டர். ஐம்பதை நெருங்கும்போது, சின்னத் துளை வழியாகச் செய்யக் கற்க வந்திருந்தார். குரு டாக்டர் சலோமி, அவரைவிட இளையவர்.

கம்ப்யூட்டர் வயிறு தெரியும் பயிற்சித் திரைக்குக் கீழே, வலது காலருகே ஒரு பெடல். அழுத்தினால் மஞ்சள் கொழுப்பெல்லாம் கண்ணாடியாகிவிடும்; உள்ளே பித்தக்குழாய்கள் பச்சையாக மின்னும். பித்தப்பையை எடுக்கச் சின்னக் குழாயைத்தான் வெட்ட வேண்டும். ஒட்டி ஓடும் பெரிய குழாயில் கைவைத்தால் நோயாளிக்கு ஆயுசுக்கும் அவதி. மாசிலாமணி ஒருமுறைகூடத் தவறவில்லை.

“நிஜ ஆளை எப்ப மேடம் தருவீங்க?”

“பெடல் இல்லாம பண்ணுவீங்களா?”

“வயிறே மனப்பாடம் மேடம். பெடல் எதுக்கு?”

“அப்போ நாளைக்கு வாங்க.”

மறுநாள் மேசையில் ஒரு பஸ் கண்டக்டர் மயக்கத்தில் கிடந்தார். சலோமி கேமராவைப் பிடித்தபடி ஒட்டி நின்றார். திரை முழுக்கக் கொழுப்பு. மாசிலாமணி அதற்குள் நீளக் கருவியின் கொக்கியை நுழைத்தார்.

“எது சார் சின்னக் குழாய்?”

சின்னக் குழாய் என்று தோன்றிய இடத்தில் மாசிலாமணி கொக்கியை வைத்தார். வலது கால் தன்பாட்டுக்கு நகர்ந்தது.

அதே இடத்தில் இங்கேயும் ஒரு பெடல் உண்டு. அழுத்தினால் கொக்கி சுடும். தொட்டது கருகும்.

பெடலை எட்டும் முன்பே கால் எதையோ மிதித்தது. சலோமியின் பாதம்.

“ஸ்ஸ்... கொக்கியை வெளிய எடுங்க. மெதுவா.”

மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, கீழ டான்ஸா?”

மாசிலாமணி கொக்கியை வெளியே எடுத்தார்.

“தெரியல மேடம்,” என்றார் மாசிலாமணி. ஆபரேஷன் மேசையருகே அதுவரை அவர் சொல்லாத வார்த்தை.

“சரி. கொழுப்பை உரிங்க. தெரியிற வரைக்கும் எதையும் வெட்டாதீங்க.”

இழை இழையாக உரித்தார். சின்னக் குழாய் என்று அவர் கொக்கி வைத்திருந்தது பெரிய குழாய். இன்னும் உரித்தார். மறைவிலிருந்து சின்னது வந்தது. அதை வெட்டினார்.

வெளியே பெஞ்சில் சலோமி செருப்பைக் கழற்றினார். கட்டைவிரல் வீங்கியிருந்தது. மாசிலாமணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“என் கால் அங்க போகும்னு தெரிஞ்சுதான் குறுக்க வச்சுத் தடுத்தீங்களா மேடம்?”

சலோமி விரலை நீவிக்கொண்டார்.

“தடுக்கவா? நானும் கண்ணாடிப் பெடலைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் சார்.”