தண்டபாணியின் மூன்று கிளிக்

மார்ச் 3, காலை பத்தரை மணி. இணைய விளம்பரத்துக்கு 412 கிளிக் வந்தும் ஒரு கிரைண்டர்கூட விற்கவில்லை என்ற பழியோடு, கோவை கம்பெனி முதலாளிமுன் நின்றாள் விளம்பர உதவியாளர் பூங்கோதை. சினிமா கிசுகிசுத் தளத்தில் போடச் சொன்னதே மேலாளர் தண்டபாணிதான்.

“விளம்பரம் எழுதத் தெரியாத புள்ளைங்க. இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிருங்க,” என்றார் தண்டபாணி.

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தளத்தைத் தன் போனில் திறந்து அவரிடம் நீட்டினாள். “விளம்பரத்தை மூடிட்டு, செய்தியைப் படிங்க சார்.”

மூடும் குறி எள்ளளவுதான் இருந்தது. மூன்று முறை முயன்றும் தண்டபாணியின் கட்டைவிரல் விளம்பரத்தின் மேலேயே விழுந்தது.

“மூணு கிளிக்குக்கும் நாம காசு கட்டோணுங்க முதலாளி. சார் எத்தனை கிரைண்டர் வாங்கறாருன்னு கேளுங்க.”

முதலாளி அவளை அனுப்பவில்லை. மார்ச் 10 அன்று பூங்கோதை விளம்பரத்தை மாவுக்கடைக்காரர்கள் படிக்கும் தளத்துக்கு மாற்றினாள். அன்று நான்கு கிரைண்டர்கள் விற்றன.