நாற்பது வரிகளும் ஒரே நடையும்

தரவுத்தள அட்டவணைக்குள் வரிகளைத் தட்டச்சு செய்பவரின் விரல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இதைவிடக் கொடிய தவறு கணினி உலகில் கிடையாது. வரிகள் நடந்துதான் போகின்றன.

ஒருமுறை, ஒரு மகளிர் விடுதியின் அறை அட்டவணை வாசலில் நாற்பது வரிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாணவியின் பெயரையும் ஊரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கான கட்டத்தையும் சுமந்திருந்தது. ஒன்பதாவது வரி தவமணியுடையது. ஐந்து மணிக்குள் உள்ளே போகாவிட்டால் தவமணிக்கு அறை இல்லை. அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை. மணி நாலே முக்கால்.

உள்ளே அழைத்துப்போகும் கட்டளையின் பெயர் இன்ஸர்ட். "நாற்பது நடை நடக்க எனக்கென்ன வேண்டுதலா? காற்புள்ளியால கை கோத்துக்குங்க. ஒரே நடை. ஆனா ஒண்ணு, ஒருத்தரைத் திருப்பினா எல்லாரும் திரும்பணும்."

கோத்துக்கொண்டு போனார்கள். அட்டவணை பத்தாவது வரியிடம் நின்றது.

"தொலைபேசிக் கட்டம் காலி. காலியா வரக்கூடாது. எல்லாரும் வெளியே."

பத்தாவது, சகாயமேரியின் வரி. "அவ வீட்டுல போனே இல்லக்கா," என்றது மெல்ல.

"அப்ப இவளை விட்டுட்டுப் போவோம்!" என்றது முதல் வரி. "வரும்போதே பார்த்தேன், மூஞ்சியே சரியில்ல."

"உன் மூஞ்சிக்கு மட்டும் அட்டவணை ஆரத்தி எடுக்குமாக்கும்," என்றது முப்பதாவது.

தவமணியின் வரி கடிகாரத்தைப் பார்த்தது. மணி ஐந்தாக நாலு நிமிடம். பத்தாவது வரியோடு கோத்திருந்த காற்புள்ளியை விட்டால் போதும், தவமணிக்கு அறை உறுதி. அது பிடியை விடாமல், அழுதுகொண்டிருந்த பத்தாவது வரியின் பக்கம் திரும்பியது.

"அழாதடி. எங்க வீட்டு நம்பரை எழுதிக்கோ."

மறுபடி போனார்கள். அட்டவணை முகம் சுளித்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா?"

"காலியா இருக்கக்கூடாதுன்னுதானே உன் விதி?" என்றது இன்ஸர்ட். "ஒண்ணா இருக்கக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டு."

அட்டவணை தன் விதிகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தது. எழுதியிருக்கவில்லை. வழிவிட்டது.

ஆகஸ்ட் மாதம் விடுதியிலிருந்து மணப்பாறைக்கு அழைப்பு போனது: "உங்க பொண்ணுக்குக் கடுமையான காய்ச்சல்." தவமணியின் அப்பா சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினார். தவமணி நூலகத்தில் நன்றாக இருந்தாள். அவர் சகாயமேரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.